உள்ளூர்ப் பாதுகாவலர்

அந்த ஹாஸ்டல் படிவத்தை மடியில் வைத்துக்கொண்டு கண்ணயர்ந்துவிடாதீர்கள். ஜன்னல் காற்று இழுத்துக்கொண்டு போய்விடும். பையில் வையுங்கள். இல்லை, இருங்கள், மூன்றாம் பக்கத்தை ஒரு தரம் காட்டுங்கள். நான் நினைத்தது சரி. அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறீர்கள்.

மதுரை ஆரப்பாளையத்தில் நீங்கள் ஏறும்போதே தெரிந்துவிட்டது. புது பக்கெட், அதற்குள் மக்கு, சுருட்டிக் கட்டிய மெத்தை. முதல் வருஷம். கண்டக்டர் மெத்தைக்கு லக்கேஜ் போடட்டுமா என்று கேட்டபோது உங்கள் முகம் போன போக்கைப் பார்த்துத்தான் எழுந்து வந்து இந்த இருக்கையில் உட்கார்ந்தேன். விசாரித்தால் என் மகள் படிக்கிற அதே பல்கலைக்கழகம். ஜன்னலோரம் இல்லாவிட்டால் உங்களுக்குக் குமட்டும் என்றீர்கள், அதனால் உங்கள் பாப்பா நடுவில். காதில் ஒயரை மாட்டிக்கொண்டு தூங்கியும் விட்டாள். தூங்கட்டும். இது பெரியவர்கள் பேசிக்கொள்ள வேண்டிய விஷயம்.

என் பெயர் செண்பகவல்லி. ஊர் கோவில்பட்டி. வீட்டுக்காரர் ஸ்பின்னிங் மில்லில் ஷிப்ட் சூப்பர்வைசர். ஒரே மகள், தாரணி, மூன்றாம் வருஷம்.

பிள்ளையைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தால் நம் வேலை முடிந்தது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். முடியவில்லை. பெற்றோருக்கும் அங்கே இடம் வைத்திருக்கிறார்கள். வாட்ஸப் குழு இருக்கிறது, சங்கம் இருக்கிறது, வருஷத்துக்கு இரண்டு கூட்டம், மரம் நடுகிற நாள், எல்லாம் இருக்கிறது. நாம் போய் உட்கார வேண்டும். நாம் உட்காராவிட்டால் அந்த நாற்காலி காலியாக இருக்கும் என்று நினைக்காதீர்கள். வேறு யாராவது வந்து உட்கார்ந்துவிடுவார்கள். நான் அனுபவப்பட்டவள், அதனால் சொல்கிறேன்.

அந்தக் கட்டத்துக்கு வருகிறேன். உள்ளூர்ப் பாதுகாவலர். எல்லாரும் லோக்கல் கார்டியன் என்பார்கள். பெயர், முகவரி, தொலைபேசி, ஒரு பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. சனிக்கிழமை நாலு மணிக்கு அந்த ஆள் வந்து கையெழுத்துப் போட்டால்தான் பிள்ளையை கேட்டுக்கு வெளியே விடுவார்கள். ஞாயிறு ஆறு மணிக்குள் கொண்டுவந்து விட வேண்டும். உடம்பு சரியில்லை என்றாலும் அந்த ஆளைத்தான் கூப்பிடுவார்கள். கட்டம் சின்னது. ஆனால் அதில் யார் பெயரை எழுதுகிறோம் என்பதில் எல்லாம் இருக்கிறது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் நானும் உங்களைப் போலத்தான் அதைக் காலியாக விட்டுக்கொண்டு போனேன். கோயம்புத்தூரில் எங்களுக்கு ஒரு நாதியும் கிடையாது. வரிசையில் பாதி தூரம் வந்த பிறகுதான் காலியாக இருந்தால் வாங்க மாட்டார்கள் என்று சொன்னார்கள். வீட்டுக்காரர் ஜெராக்ஸ் எடுக்கப் போனவர் போனவர்தான். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பக்கத்தில் ஒரு மேசை போட்டு, தண்ணீர் கேன் வைத்து, பெற்றோர் சங்கத்தின் உதவி மேசை என்று அட்டை ஒட்டியிருந்தார்கள். அதற்குப் பின்னாலிருந்து ஒரு பெண்மணி எழுந்து வந்தார்.

"என்ற பேர எழுதிக்கோங்க. எம்பொண்ணும் இதே கிளாஸ்தானுங்க" என்றார்.

கைப்பையைத் திறந்து ஒரு போட்டோவையும் எடுத்துக் கொடுத்தார். எனக்கு அப்போதே ஒரு மாதிரி இருந்தது. தன் பாஸ்போர்ட் போட்டோவைக் கைப்பையில் வைத்துக்கொண்டு யாராவது அலைவார்களா? ஆனால் வரிசை நகர்ந்துவிட்டது. நானே பசை தடவி ஒட்டினேன். என் கையால்தான் ஒட்டினேன். அவர் பெயர் மங்கையர்க்கரசி. மகள் நிவேதா வீட்டிலிருந்து வந்துபோகிறவள். வீடு பல்கலைக்கழகத்திலிருந்து இரண்டு பஸ் ஸ்டாப். என் வீட்டுக்காரர் திரும்பி வந்து அந்த அம்மாவைக் கையெடுத்துக் கும்பிட்டார். அவர் அப்படித்தான், யாரைக் கண்டாலும் கும்பிடுவார். நான் மகளுக்கென்று கொண்டுபோன காரச்சேவில் பாதியை எடுத்து அவருக்குக் கொடுத்தேன்.

நல்ல பெண்மணி. அதில் நான் ஒன்றும் குறை சொல்லவில்லை. இதுவரைக்கும் யாரிடமும் அவரைப் பற்றி ஒரு குறை சொன்னதில்லை.

ஒவ்வொரு சனிக்கிழமையும் என் போனுக்கு ஒரு செய்தி வரும். தங்கள் மகள் உள்ளூர்ப் பாதுகாவலருடன் மாலை 4.10க்கு வெளியே சென்றுள்ளார். மறுநாள் இன்னொன்று. தங்கள் மகள் விடுதிக்குத் திரும்பியுள்ளார். முதல் வருஷம் மட்டும் முப்பத்தொரு தடவை வெளியே போயிருக்கிறாள். நான் எதையும் அழிப்பதில்லை, எல்லாம் போனில் அப்படியே இருக்கின்றன. முப்பத்தொரு சனிக்கிழமை. அதே வருஷம் அவள் கோவில்பட்டிக்கு வந்தது நாலு தரம். அதில் ஒரு தரம் இரண்டே நாள்.

ஞாயிற்றுக்கிழமை போன் செய்தால் பின்னால் குக்கர் விசில் கேட்கும். யாரோ சிரிக்கிறது கேட்கும். என்னடி சாப்பிட்டாய் என்றால் பாகற்காய்ப் பொரியல் என்பாள். பாகற்காய். என் வீட்டில் பதினெட்டு வருஷம் பாகற்காய் வாடை பட்டால் தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போனவள். முதலில் ஆன்ட்டி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு மங்கை ஆன்ட்டி. தீபாவளி கழிந்து பார்த்தால் மங்கைம்மா. பேச்சும் மாறிவிட்டது. நான் எதையாவது சொன்னால் சரிங்ம்மா என்கிறாள். பெற்றவளிடம் என்ன சரிங்? நான் வீட்டுக்காரரிடம் சொன்னேன், உங்கள் மகள் கோயம்புத்தூர்க்காரி ஆகிவிட்டாள் என்று. பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "மக நல்லா இருக்காள்ல, பெறகென்ன" என்றார். ஆண்களுக்கு இதெல்லாம் உறைக்காது.

அதனால்தான் நான் இறங்கி வேலை செய்ய ஆரம்பித்தேன். வாட்ஸப் குழுவில் தினமும் காலையில் வணக்கம் போட்டேன். ஹாஸ்டல் தயிர் புளிக்கிறது என்று எழுதினேன். எழுதினது நான், இரண்டு நாளில் தயிரை மாற்றிவிட்டார்கள் என்று அறிவிப்புப் போட்டது மங்கை. அவர்தான் குழுவை நடத்துகிறவர், சங்கத்துக்குச் செயலாளர். நூற்றைம்பது பேர் அவருக்குக் கை கூப்பினார்கள். போட்டோவும் அவர்தான் போடுவார். பிள்ளைகள் கோலம் போடுகிறார்கள், பிள்ளைகள் கண்காட்சி வைக்கிறார்கள். நான் விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கி என் மகளைத் தேடுவேன். ஒரு போட்டோவில் பச்சையில் சுடிதார் போட்டிருந்தாள். நான் வாங்கித் தந்ததில் பச்சை கிடையாது. பக்கத்தில் நிவேதாவும் அதே பச்சை.

மரம் நடுகிற நாளுக்குப் பெற்றோர் வரலாம் என்று அறிவித்தார்கள். ஏழு மணி நேரம் பஸ்ஸில் போனேன். கோவில்பட்டியிலிருந்து போனவள் நான் ஒருத்திதான். போய்ச் சேர்வதற்குள் குழியை மூடிவிட்டார்கள். ஒரு புங்கங்கன்று. அதில் தகரத்தில் பெயர் எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள்: தாரணி, நிவேதா, மங்கைம்மா. என்னை ஒரு குடம் தண்ணீர் ஊற்றச் சொன்னார்கள். ஊற்றினேன். அந்தக் கன்று அடுத்த மாதமே பட்டுப்போயிற்று. நான் ஊற்றினது ஒரு குடம்தான்.

அன்றைக்கு மத்தியானம் மங்கை தன் வீட்டுக்குக் கட்டாயம் வர வேண்டும் என்று கூட்டிக்கொண்டு போனார். சாப்பாட்டு மேசையில் என் டப்பா இருந்தது. தாரணியிடம் காரச்சேவு கொடுத்துவிட்ட டப்பா. எங்கள் வீட்டுப் பாத்திரம் எதுவும் தொலையக் கூடாது என்று மூடியில் சிவப்பு நெயில் பாலிஷால் 'தா' என்று எழுதி வைப்பேன். அந்த 'தா' அங்கே உட்கார்ந்திருந்தது. நிவேதா அதிலிருந்து கை நிறைய அள்ளித் தின்றாள். என் மகள் ஒருத்தரிடமும் கேட்காமல் எழுந்து போய், எந்த அலமாரியில் தட்டு இருக்கிறது என்று தேடாமல், எனக்கு ஒரு தட்டு எடுத்துக்கொண்டு வந்து வைத்தாள். விருந்தாளிக்கு வைக்கிற மாதிரி.

பாகற்காய்ப் பொரியல் செய்திருந்தார். நன்றாகவே இல்லை. இரண்டு தரம் போட்டுக்கொண்டேன், மரியாதைக்கு.

இது ஒட்டன்சத்திரம். தக்காளி மார்க்கெட், அதுதான் இந்த நெரிசல். பஸ் ஊர்ந்துதான் போகும்.

இரண்டாம் வருஷம் ஆகஸ்டில் வார்டனுக்கு ஒரு கடிதம் எழுதினேன். என் மகளின் உள்ளூர்ப் பாதுகாவலர் பெயரை நீக்கிவிடவும். இனிமேல் தாயாகிய நான் நேரில் வந்தால் மட்டுமே அவளை வெளியே அனுப்பவும். பதிவுத் தபால். இந்தக் காலத்தில் யாரை நம்புவது, சொல்லுங்கள். எல்லாம் பாதுகாப்புக்காகத்தான். வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை, சொன்னால் அதற்கும் யாரையாவது கும்பிடுவார்.

செய்தி வருவது நின்றது. சனிக்கிழமை நாலு மணி வரும், நாலு பத்து வரும், போன் சத்தமில்லாமல் கிடக்கும். ஒரு வருஷம் கழித்து அன்றைக்குத்தான் மத்தியானத் தூக்கம் தூங்கினேன். தாரணி போன் செய்து, ஏனம்மா என்னை வெளியே விட மாட்டேன் என்கிறார்கள் என்று கேட்டாள். ஹாஸ்டலில் விதியை மாற்றியிருப்பார்கள், நான் விசாரிக்கிறேன் என்றேன்.

நவம்பரில் ஒரு நாள் காலை பத்து மணிக்கு வார்டன் கூப்பிட்டார். மூன்று நாளாகக் காய்ச்சல், ரத்தத்தில் தட்டணு இறங்கிக்கொண்டே போகிறது, டெங்குவாக இருக்கலாம், வெளியே பெரிய ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும், நீங்கள் உடனே புறப்பட்டு வாருங்கள் என்றார். புறப்பட்டேன். மதுரை வருவதற்குள் எனக்கே காய்ச்சல் வந்த மாதிரி ஆகிவிட்டது. இதே வழிதான். இதே ஒட்டன்சத்திரத்தில் முக்கால் மணி நேரம் நின்றது பஸ். அன்றைக்கும் தக்காளிதான்.

நான் போய்ச் சேர்ந்தபோது மாலை ஐந்து. அதுவரைக்கும் அவளை ஹாஸ்டல் வைத்திய அறையிலேயே குளுக்கோஸ் ஏற்றி வைத்திருந்தார்கள். கேட்டில் மங்கை நின்றுகொண்டிருந்தார். காலையிலிருந்து நிற்கிறார் என்று வாட்ச்மேன் சொன்னார். உள்ளே விடவில்லையாம். அவர்கள் பட்டியலில் பெயர் இல்லையே, எப்படி விடுவார்கள்? கையில் ஒரு எவர்சில்வர் தூக்கு. அதை என்னிடம் நீட்டினார்.

"கஞ்சிங்க. இப்பத்தான் வீட்டுக்குப் போய்ப் புதுசா வச்சுக் கொண்டாந்தேன். நீங்களே குடுத்துருங்க."

அவ்வளவுதான் சொன்னார். ஏன் என் பெயரை எடுத்தீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன். அந்த வாய்ப்பைக்கூட அவர் எனக்குக் கொடுக்கவில்லை. அதுதான் அவர் குணம்.

ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டு வார்டன் விளக்கம் சொன்னார்: "உங்க லெட்டர் இருந்துச்சும்மா. இல்லேன்னா காலையிலயே அந்த அம்மாகூட அனுப்பியிருப்போம்." மெதுவாகத்தான் சொன்னார். தாரணி கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். தூங்குகிறாள் என்று எனக்குத் தெரியும்.

வார்டன் போன பிறகு கண்ணைத் திறந்தாள். முதலில் என்னைப் பார்த்தாள். பிறகு கதவைப் பார்த்தாள்.

"மங்கைம்மா வரலையா?"

ஏழு மணி நேரம் பஸ்ஸில் வந்திருக்கிறேன். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. முகத்தைக்கூடக் கழுவவில்லை.

"வரலடி" என்றேன்.

தூக்கைத் திறந்து மூடியிலேயே கஞ்சியை ஊற்றிக் கொடுத்தேன். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குடித்தாள். மிளகு தட்டிப் போட்டிருந்தது. நான் கஞ்சிக்கு மிளகு போடுவதில்லை. முழுவதும் குடித்து முடித்துவிட்டு அந்த மூடியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். நன்றாக இருக்கிறதும்மா என்றாள். மூடியை வாங்கிக்கொண்டேன். கழுவும்போதுதான் பார்த்தேன், மூடி விளிம்பில் பெயர் வெட்டியிருந்தது. கு. மங்கையர்க்கரசி. பாத்திரக் கடையில் இலவசமாகப் பெயர் வெட்டிக் கொடுப்பார்கள் இல்லையா, அப்படி. அவள் படித்திருக்க மாட்டாள். காய்ச்சல் கண்ணுக்கு அவ்வளவு சின்ன எழுத்துத் தெரியாது.

பதினோரு நாள் கூடவே இருந்து பார்த்துக்கொண்டேன். தட்டணு ஏறிவிட்டது, பிள்ளை பிழைத்தாள். அதற்குப் பிறகு என் மகளிடம் வந்த மாற்றத்தை நீங்கள் பார்க்க வேண்டும். அவ்வளவு மரியாதை. முன்பெல்லாம் நீ வா, நீ போ, உனக்கு ஒன்றும் தெரியாது என்று சரிக்குச் சரி நிற்பாள். ஒரு சீப்புக்குச் சண்டை போடுவாள். இப்போது நீங்க, வாங்க, சாப்பிட்டீங்களாம்மா. எதற்கும் எதிர்த்துப் பேசுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை சரியாகப் பத்து மணிக்குப் போன் செய்து ஐந்து நிமிஷம் பேசுவாள். படிப்பு தருகிற பக்குவம், வேறென்ன.

தாராபுரத்தில் டீ குடிப்போமா என்று கேட்டேன், நீங்கள்தான் வேண்டாம் என்றுவிட்டீர்கள். பரவாயில்லை.

இந்த மே மாதம் நான் ஒரு முடிவுக்கு வந்தேன். தூரத்தில் இருப்பதால்தானே இவ்வளவும்? பல்கலைக்கழகத்துப் பின் கேட்டுக்கு எதிரே ஒரு சின்ன போர்ஷன் பிடித்தேன். ஒரு அறை, ஒரு சமையல்கட்டு. ஆமாம், நான் இப்போது கோயம்புத்தூரில்தான் இருக்கிறேன். வீட்டுக்காரர் ஊரில் மெஸ்ஸில் சாப்பிட்டுக்கொள்கிறார். லேசாகப் பிரஷர் என்றார், நாலு நாள் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். இன்னும் இரண்டு நாள் இரேன் என்றார். இன்றைக்கு வெள்ளிக்கிழமை. நாளைக்கு சனிக்கிழமை இல்லையா, எப்படி இருக்க முடியும்?

ஜூனில் புதுப் படிவம் கொடுத்தார்கள். வருஷா வருஷம் புதிதாக நிரப்ப வேண்டும். ஸ்டூடியோவில் போய் போட்டோ எடுத்துக்கொண்டு, தாரணியையும் கூட்டிக்கொண்டு வார்டனிடம் போனேன். இனிமேல் லோக்கல் கார்டியன் நானே, என் பெயரையே எழுதிக்கொள்ளுங்கள் என்றேன்.

வார்டனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அம்மா, நீங்க பெற்றோர். உங்க கட்டம் மேல இருக்கு. கீழ உள்ளதுல வேற ஆள் பேர்தான் போடணும்." அதோடு விடவில்லை. நான் இந்த ஊரில் குடியிருப்பது பதிவானால் வெளியூர்ப் பிள்ளை என்ற கணக்கில் வராது, ஹாஸ்டல் இடம் ரத்தாகிவிடும் என்றார்.

எனக்கு அதைக் கேட்டதும் எவ்வளவு சந்தோஷம் தெரியுமா. ரத்தாகட்டுமே. வீடு எடுத்தாயிற்று, புது மிக்ஸி வாங்கியாயிற்று, அவளுக்கென்று ஒரு கட்டில்கூடப் போட்டுவிட்டேன். தாரணியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் என் கையிலிருந்து படிவத்தை வாங்கினாள். பிடுங்கவில்லை, வாங்கினாள்.

"நீங்க கோவில்பட்டியிலயே இருக்கறதா இருக்கட்டும்மா" என்றாள்.

வார்டன் மேசையிலேயே குனிந்து நின்று அந்தக் கட்டத்தை நிரப்பினாள். கு. மங்கையர்க்கரசி. கதவு எண், தெரு, குறுக்குச் சந்து, பின்கோடு. போனைப் பார்க்கவில்லை, யாரையும் கேட்கவில்லை. கோவில்பட்டிப் பின்கோடு கேட்டால் இன்றைக்கும் என்னிடம்தான் கேட்பாள். பிறகு படிவத்தை என் பக்கம் திருப்பி, பெற்றோர் கையொப்பம் என்ற இடத்தில் விரலை வைத்துக் காட்டினாள். போட்டேன். நான் நல்ல பேனா கொண்டுபோயிருந்தேன்.

இப்போது சனிக்கிழமை தோறும் பின் கேட்டுக்கு எதிரே ஜூஸ் கடையில் உட்கார்ந்திருப்பேன். நாலு மணிக்கு மங்கையின் ஸ்கூட்டர் வரும். அவர் என்னைப் பார்த்தால் வண்டியை நிறுத்திவிட்டு, நீங்களும் வாங்களேன், சேர்ந்து சாப்பிடலாம் என்பார். எனக்கு வேலை இருக்கிறது என்பேன். தாரணி பின்னால் ஏறிக்கொண்டு, அவர் தோளில் கையைப் போட்டுக்கொண்டு எனக்குக் கை காட்டுவாள். ஸ்கூட்டர் திருப்பம் தாண்டும்போது என் போன் அடிக்கும். தங்கள் மகள் உள்ளூர்ப் பாதுகாவலருடன் மாலை 4.10க்கு வெளியே சென்றுள்ளார். நம்பர் என்னுடையதுதானே, எனக்குத்தான் வரும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எப்போதாவது என்னிடம் வருவாள். ஒரு மணி நேரம் இருப்பாள். அந்தக் கட்டிலில் இன்னும் படுக்கவில்லை. படிப்பு ஜாஸ்தி.

பல்லடம் தாண்டிவிட்டோம். இனி சூலூர், அப்புறம் சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டில் இறங்க வேண்டியதுதான். அதனால் சொல்ல வந்ததைச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கும் கோயம்புத்தூரில் யாரும் இல்லை. அந்த உதவி மேசையில் இன்றைக்கும் அவர்தான் உட்கார்ந்திருப்பார். காலிக் கட்டத்தோடு போய் நின்றால் எழுந்து வருவார், போட்டோவை எடுத்து நீட்டுவார். அதற்கு இடம் கொடுக்காதீர்கள். என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் பிள்ளைக்கு நான் பெற்றோர் இல்லை, அதனால் விதிப்படி ஒரு தடையும் கிடையாது. வீடும் பின் கேட்டுக்கு எதிரேதான், இரண்டு பஸ் ஸ்டாப்கூடப் போக வேண்டாம். இதோ போட்டோ. எப்போதும் கைப்பையில் இரண்டு வைத்திருப்பேன். பசைகூட இருக்கிறது.

பாப்பாவுக்கு என்ன பிடிக்கும்? பாகற்காய் சாப்பிடுவாளா? சாப்பிடாவிட்டால் பரவாயில்லை, நான் பழக்கிவிடுவேன். என்னை ஆன்ட்டி என்று கூப்பிடட்டும், போகப் போக அவள் இஷ்டம். பாருங்கள், இவ்வளவு நேரமாக என் தோளில்தான் சாய்ந்துகொண்டிருக்கிறாள். கை மரத்துவிட்டது, ஆனாலும் நான் அசையவில்லை. நீங்கள் ஒன்றுக்கும் கவலைப்பட வேண்டாம். சனிக்கிழமை நாலு பத்துக்கு உங்கள் போனில் ஒரு செய்தி வரும். அதைப் படித்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம்.

ஏன் அவளை எழுப்புகிறீர்கள்? இன்னும் சிங்காநல்லூர் வரவில்லையே.